ஏசிக்குள் காற்று புகுந்திருக்கிறது, கம்ப்ரசர் ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

மதுரையில் மாடி வீடு. 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, 2021இல் வாங்கியது, ஆர்-32 கேஸ். மார்ச்சில் வீடு மாறியபோது கழற்றி மாட்டினோம். வந்த மெக்கானிக், குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் போடவில்லை. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டால் காற்று வெளியேறிவிடும் என்றார். நானும் தலையாட்டினேன்.

மூன்று மாதமாக இதே கதை: மதிய வெயிலில் அரை மணி நேரம் குளிர்ந்துவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. வெளி யூனிட் அனலாய்க் கொதிக்கிறது. முன்பு 7 ஆம்பியர் இழுத்தது, இப்போது 9.

காயில்களைக் கழுவியாயிற்று. வெளி ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. சோப்பு நுரையில் கசிவு தெரியவில்லை. இன்னொருவர் கேஸ் குறைவு என்று ஏதோ பழைய சிலிண்டரிலிருந்து ஏற்றினார். நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

இரவு முழுவதும் அணைத்துவைத்து, காலையில் 30 டிகிரியில் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்தேன்: 285 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). சுத்தமான ஆர்-32 என்றால் 265 அருகில் நிற்க வேண்டும். கேஸ் அளவு கூடியதால் மட்டும், ஏசி ஓடாமல் நிற்கும்போது அழுத்தம் இப்படி ஏறாது; அதனால்தான் காற்று என்கிறேன். காற்று இருந்தால் ஈரமும் இருக்குமே, அது ஆயிலைக் கெடுத்திருக்குமோ என்பதுதான் பயம்.

பழைய கேஸ் முழுவதையும் எடுத்து, 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை வேக்யூம் இழுத்து, புது கேஸை எடைபார்த்து ஏற்றினால் போதுமா, கம்ப்ரசர் ஆயிலையும் மாற்றியாக வேண்டுமா?