கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு ஜில்லா) தெருக் கலைவிழா: உள்ளூர் பேண்டுக்கு மேடையா, வெளியூர் ஆர்கெஸ்ட்ராவா?

நாலாம் சந்து டிரம்ஸ்:
பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை நம் மைதானத்தில் கலைவிழா. நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன், அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன். போன வருடம் எங்கள் பேண்டுக்கு எட்டு மணி என்றார்கள். ஆர்கெஸ்ட்ரா ஒன்பதரை தாண்டியும் மேடையை விட்டு இறங்கவில்லை. பத்து மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது 12 நிமிடம். அதில் ஐந்து நிமிடம் கிடாரில் ஏன் சத்தம் வரவில்லை என்று கேபிளைத் தேடியதில் போனது. ஒன்றரைப் பாட்டு வாசித்தோம். இந்த வருடம் பக்கத்து ஊர்களான எருத்தேம்பதி, வேலந்தாவளத்தையும் சேர்த்து நான்கு குழு தயார்: எங்கள் பேண்டு, ராப் பாடும் காலேஜ் பிள்ளைகள், உருமி மேள செட், குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காக்கள் ஆடிக்கொண்டே செண்டை கொட்டுகிற சிங்காரி மேளம். நாங்களே போதும், ஆர்கெஸ்ட்ரா வேண்டாம் என்பது என் கட்சி. அப்புறம், சம்பளமும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுவது நான். கதவைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வருசம் யாரு வர்றாங்க?" அதற்கு "நாலாம் சந்துப் பையன்கள்" என்று பதில் சொன்னால் நூறு ரூபாய் எடுத்தவர் ஐம்பதை நீட்டுவார். வளையல் கடையும் பஜ்ஜிக் கடையும் மைதானத்துக்கு வாடகை தருவது கூட்டத்தை நம்பி. கூட்டம் வருவது தெரிந்த பாட்டுக்கு. நீங்கள் தயார் செய்திருந்த நான்கு பாட்டில் மூன்று நீங்களே எழுதியவை. என் வீட்டில் கூட யாருக்கும் ஒன்று நினைவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன். உனக்குச் சம்பளம் கொடுத்தால் கோலப் போட்டிக்குக் கட்டம் போட்டவர் வரைக்கும் கேட்பார்கள். இது தெரு விழா, கச்சேரி சபா இல்லை.

நாலாம் சந்து டிரம்ஸ்:
ஒன்றரைப் பாட்டைக் கேட்டுவிட்டு மூன்று பாட்டு நினைவில்லை என்கிறீர்கள், மாமா!

மைதானத்துக்கு மேற்கே:
யார் வாசித்தால் என்ன? எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். மாமியார் படுத்த படுக்கை, பையனுக்கு மாடல் பரீட்சை. ஒலி மாசு விதி 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை சலுகை கொடுக்கலாம். நம் தெரு விழாவுக்கு யாரும் அப்படிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. போன வருடம் பத்தே காலுக்கும் ஒருவர் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அது பேண்டும் இல்லை, ஆர்கெஸ்ட்ராவும் இல்லை. கமிட்டி.

செண்டைப் பைத்தியம்:
அக்கா சொன்னது சரி. என்னைக் கேட்டால் மைக்கே வேண்டாம். திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தற மேளம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கிறது, செண்டைக்கு யார் மைக் வைக்கிறார்கள்? பஞ்சாரி என்கிற செண்டை மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் காலம், அதாவது முதல் கட்டம், தாளச் சுற்றுக்கு 96 அட்சரம், அடுத்தது 48, பிறகு 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலமும் பாதியாகச் சுருங்க, கூட்டத்தின் கை தானாக மேலே போகும். அதைக் கேட்டுப் பழகிய ஊரில் மூன்றே கார்டு (chord) வாசிக்கிற கிடாரும், பேசிக்கொண்டே பாடுகிற ராப்பும் என்னத்துக்கு? சிங்காரி மேளத்தையும் நான் மேளம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அது ஆட்டம்.

நாலாம் சந்து டிரம்ஸ்:
அண்ணா, நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். பஞ்சாரிக்காரரிடம் 12 நிமிடம் கொடுத்து "கொட்டுங்க" என்றால் 96-லேயே கோலைக் கீழே வைக்க வேண்டியதுதான். கூட்டத்தின் கை மேலே போக 6 வரை வரவிட வேண்டும் இல்லையா? எங்களுக்கும் அதேதான். முதல் பாட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்றாவதில் தலை ஆட ஆரம்பிக்கும். ஆளுக்கு 35 நிமிடம் கொடுங்கள், அதற்குப் பிறகு திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உருமிக்காரர் மகன்:
நான்கு குழு என்று எங்களையும் சேர்த்தது சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா முப்பது வருடமாக இந்தப் பக்கத்து நோன்பு, சீர், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் வாசித்தவர். கலைவிழா தொடங்கிய நாளிலிருந்து எங்கள் செட் வாசித்தது சாலையில், விருந்தினரை அழைத்துவர. மேடையில் ஒரு முறை கூட இல்லை. முடிந்ததும் ஒரு துண்டு, ஒரு சாப்பாடு. "நம்ம ஆளுதானே" என்ற வார்த்தை இருக்கிறதே, சம்பளத்தைக் குறைக்க அதைவிட நல்ல வார்த்தை இல்லை. பேண்டுத் தம்பிகளுக்கு இப்போதுதான் வலிக்கிறது. எங்களுக்கு மரத்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. மறுக்கவில்லை. ஆனால் சாலையில் வாசித்தால்தான் உருமிக்கு அழகு என்று நினைத்தோம். மேடை ஏற்றி மைக் வைத்தால் அந்த முனகல் கரகரவென்று போய்விடுகிறது. ஒரு வருடம் விழாவுக்கு முன்னால் சோதித்துப் பார்த்தோம்.

மிக்சர் பக்கம்:
அது உருமியின் குற்றமில்லை, மைக் வைத்தவரின் குற்றம். உருமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுமுகத்தில் அடிக்கிறார்கள். பாடகருக்கு வைத்த மைக்கை அப்படியே அடிக்கிற பக்கம் நீட்டினால் முனகல் எங்கே கேட்கும்? தேய்க்கிற முகத்துக்குத் தனி மைக், ஒரு முழம் தள்ளி. இவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சண்டையில் பாதி ரசனைச் சண்டையே இல்லை, நேரச் சண்டை. நாலைந்து குழு ஒரே மேடையில் ஏறும்போது கடைசியில் வாசிப்பவர் முதலில் சவுண்ட் செக், அதாவது மைக்கும் கருவியும் சரியாகக் கேட்கிறதா என்ற சோதனை, செய்ய வேண்டும், முதலில் வாசிப்பவர் கடைசியில். அப்போது முதல் குழுவின் ஒலி அளவு மிக்சரில் அப்படியே நிற்கும், விழா சொன்ன நேரத்தில் தொடங்கும். டிஜிட்டல் மிக்சர் என்றால் ஒவ்வொரு குழுவின் அளவையும் சேமித்து வைக்கலாம். டிரம்ஸ் செட் ஒன்று போதும், ஸ்னேரும் சிம்பலும் கிக் பெடலும் மட்டும் அவரவர் கொண்டுவரட்டும். குழு மாற பத்து நிமிடம். நம் ஊரில் என்ன நடக்கிறது? ஸ்பீக்கர் வண்டி வருவதே ஐந்து மணிக்கு. அப்புறம் "ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ." அதற்குப் பெயர் சவுண்ட் செக்.

மைதானத்துக்கு மேற்கே:
எங்கள் வீட்டுக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்கள்.

மிக்சர் பக்கம்:
சொல்கிறேன் அக்கா. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி தையில் கிழக்கிலிருந்து எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், துணி காயப்போட்டுத் தெரியும். போன வருடம் மேடை மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் மேற்கு பார்த்து நின்றது. ஸ்பீக்கரும் உங்கள் வீட்டைப் பார்த்து, காற்றும் உங்கள் வீட்டைப் பார்த்து. மேடையை மேற்கு ஓரத்துக்கு மாற்றிக் கிழக்கு பார்த்து நிறுத்தினால் பாட்டுச் சத்தம் நன்றாகக் குறையும். பாடுகிறவர் முகத்தில் காற்று அடிக்கும், மைக்குக்குப் பஞ்சுறை மாட்டினால் போதும். டும் டும் என்கிற அடிச் சத்தம் மட்டும் எல்லாப் பக்கமும் பரவும். அதற்கு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளை இரண்டாகக் குறைக்க வேண்டும்.

செண்டைப் பைத்தியம்:
எல்லாம் சரி. தரம்? சுருதி சேராத பாட்டை உள்ளூர் என்பதற்காக உட்கார்ந்து கேட்க வேண்டுமா?

உருமிக்காரர் மகன்:
நஞ்சியம்மா அட்டப்பாடிக்காரர். நம் ஜில்லா. இருளர் மொழியில் தானே எழுதி ஒரு மலையாளப் படத்தில் பாடியதற்கு 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அறிவித்தார்கள். அப்போதும் சுருதிக் கணக்கு பேசிச் சிலர் சண்டை போட்டார்கள். அவர் அதற்குப் பல வருடம் முன்பே அட்டப்பாடியில் குழுவோடு பாடிக்கொண்டிருந்தவர். அங்கே கேட்கவும் பாடவும் ஒரு இடம் இருந்தது. நம் மைதானம் யாருக்கு அந்த இடம்?

செண்டைப் பைத்தியம்:
நஞ்சியம்மாவையும் நாலாம் சந்து கிடாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவருடையது தலைமுறைப் பாட்டு. இவர்களுடையது யூடியூப் பார்த்துக் கற்றது.

நாலாம் சந்து டிரம்ஸ்:
யூடியூப் பார்த்துத்தான் கற்றேன், மறைக்கவில்லை. அவியல் குழு 2008-லேயே மலையாளத்தில் ராக் ஆல்பம் போட்டது. அவர்கள் கையில் கிடாரைக் கொடுத்தது எந்தத் தலைமுறை? எங்கள் பாட்டில் ஒன்று வேலந்தாவளம் செக்போஸ்டில் லாரி நிற்கிற இரவைப் பற்றியது. பாதி தமிழ், பாதி மலையாளம், நாம் பேசுகிற மாதிரியே. திருச்சூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிற எந்த ஆர்கெஸ்ட்ராவிடம் அந்தப் பாட்டு இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
அந்த அரைப் பாட்டு அதுதானா? லாரி ஹாரன் மாதிரி ஒன்று வந்ததே. அது பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆர்கெஸ்ட்ராவுக்குப் போன வாரமே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. திரும்ப வராது.

நாலாம் சந்து டிரம்ஸ்:
அப்படியென்றால் இவ்வளவு நேரம் எதற்காகப் பேசினோம், மாமா?

கணக்குப்பிள்ளை:
கத்தாதே. அவர்களை இரண்டு மணி நேரத்திலிருந்து ஒன்றே காலுக்குக் குறைக்கிறேன், மீதிக் காசு உங்கள் நான்கு குழுவுக்கும் சமமாக. பெரிய தொகை இல்லை, பெட்ரோலும் கிடார் கம்பியும் போக ஏதோ மிஞ்சும். ஐந்தரைக்குத் தொடக்கம். நான்கு குழு, ஆளுக்கு அரை மணி. எட்டரைக்கு ஆர்கெஸ்ட்ரா, ஒன்பதே முக்காலுக்கு நன்றியுரை.

நாலாம் சந்து டிரம்ஸ்:
ஐந்தரைக்கு யார் வருவார்கள்? வெயில் கூட இறங்கியிருக்காது. காலி நாற்காலிக்கு வாசிக்கச் சொல்கிறீர்கள்.

உருமிக்காரர் மகன்:
கூட்டத்தை நாங்கள் கொண்டுவருகிறோம். ஐந்து மணிக்குக் கடைவீதியில் தொடங்கி வாசித்துக்கொண்டே மைதானத்துக்குள் வந்து அப்படியே மேடை ஏறிவிடுகிறோம். உருமி கேட்டால் பிள்ளைகள் பின்னாலேயே வரும், பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வருவார்கள். ஆனால் இந்தத் தடவை ரசீதில் "கலைக்குழு" என்று எழுதித் தர வேண்டும். துண்டு வேண்டாம்.

செண்டைப் பைத்தியம்:
நான் ஒன்பதே முக்காலுக்கு வருகிறேன்.

மைதானத்துக்கு மேற்கே:
யார் எத்தனை மணிக்கு என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். மேடை கிழக்கு பார்த்தா, மேற்கு பார்த்தா? அதைச் சொல்லிவிட்டு நோட்டீஸ் அடியுங்கள்.