பனிச்சறுக்கு டிக்கெட்: மூன்று நாள் விலைக்கு முழுக் குளிர்காலம் கிடைப்பது எப்படி?

கேள்வி: டென்வர்வாசி

வணக்கம். டென்வரின் புறநகர் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வசித்தும், மகள் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து வற்புறுத்திய பிறகுதான் பனிச்சறுக்குப் பக்கமே சென்றவன் நான். இந்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டாலஸிலிருந்து மைத்துனர் குடும்பம் வருகிறது. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் மலையைக் காட்டலாம் என்று இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு பெரிய ரிசார்ட்டின் இணையதளத்தைத் திறந்தால், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் 300 டாலருக்கு மேல் நிற்கிறது. காலணி, பலகை வாடகையெல்லாம் தனி. அதே மலைக்கு என் அலுவலக நண்பர் வாரம் தவறாமல் செல்கிறார். அவர் ஏப்ரலில் வாங்கிய சீசன் பாஸின் (முழுப் பருவத்துக்குமான அனுமதி) ரசீதைக் கைப்பேசியில் காட்டியபோது, மூன்று நாளைக்கு நான் கொடுக்கவிருந்த தொகையில் அவர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சறுக்குகிறார் என்பது புரிந்தது.

இங்கேயே பிறந்து வளர்ந்த இன்னொரு நண்பர், முன்பெல்லாம் மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் தள்ளுபடி டிக்கெட் கிடைக்கும், கவுன்ட்டரில் முழு விலை கொடுப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் என்கிறார். அந்தத் தள்ளுபடிகள் எங்கே போயின? மலைகளைப் பெரிய நிறுவனங்கள் வாங்கியதால்தான் இந்த நிலையா, அல்லது எல்லாமே விலையேறிய காலத்தில் இதுவும் ஏறியிருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கிழக்குச்சரிவு

உங்கள் நண்பர் சொல்வது உண்மை. 90-களின் இறுதியில் நான் இங்கு வந்தபோது, பால் வாங்கப் போன கடையின் வாடிக்கையாளர் சேவை மேசையில் லிப்ட் டிக்கெட்டும் (சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிப்ட்டுக்கானது) வாங்கியிருக்கிறேன். அந்தத் தள்ளுபடி யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல. டென்வரிலிருந்து காலையில் காரை எடுப்பவருக்கு ஐ-70 நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து ஐந்தாறு மலைகள் உண்டு. எது மலிவோ அங்கே வண்டியைத் திருப்பிவிடுவார். விமானத்தில் வந்து விடுதியில் தங்குபவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஆகவே மலைகள் கவுன்ட்டரில் ஒரு விலையை எழுதி வைத்துவிட்டு, உள்ளூர்க்காரருக்கு மட்டும் பின்வாசல் வழியாகக் குறைத்துக் கொடுத்தன.

இதை அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமே ஒரு வழக்கில் எழுத்தில் வைத்திருக்கிறது. வெய்ல், பீவர் க்ரீக் மலைகளை வைத்திருந்த நிறுவனம் (இன்றைய வெய்ல் ரிசார்ட்ஸ்), ரால்ஸ்டன் என்ற நிறுவனத்தின் வசமிருந்த கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், அரபஹோ பேசின் ஆகிய மூன்றையும் வாங்க முயன்றபோது, 1997 ஜனவரியில் அரசு தலையிட்டது. இந்த இணைப்பால் பாதிக்கப்படுவோர் டென்வர் வட்டாரத்து மக்கள்தான், அவர்களுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடிகள்தான் குறையும் என்பதே அரசின் வாதம். கவுன்ட்டர் விலையைப் பற்றி அரசு அதிகம் கவலைப்படவில்லை. போட்டி தள்ளுபடியில்தான் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. முடிவில் அரபஹோ பேசினை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இணைப்பு அனுமதிக்கப்பட்டது. அதே அரபஹோ பேசின் 2019 வரை வெய்லின் பாஸிலேயே இடம்பெற்றிருந்து, கூட்டமும் கார் நிறுத்தமும் தாங்காமல் விலகி, 2024-இல் வெய்லின் போட்டி நிறுவனமான ஆல்டெராவின் சொத்தாகிவிட்டது. (தமிழில் வெய்ல் என்று எழுதும்போதெல்லாம் வெயில் என்று கை போகிறது, பனியை விற்று வாழும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் இல்லை.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெய்ல் ரிசார்ட்ஸ் தன் மலைகளுக்கெல்லாம் பொதுவான சீசன் பாஸாக எபிக் பாஸை 2008-இல் 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. அப்போது வெய்ல் மலையின் ஒரு நாள் டிக்கெட் நூறு டாலருக்குள் இருந்தது; பாஸ் விலைக்கு ஈடுகட்ட ஏறக்குறைய ஆறு நாள் சறுக்க வேண்டும். 2024-25 பருவத்தில் அதே மலையின் உச்ச நாள் டிக்கெட் 329 டாலர், முந்தைய வசந்தத்தில் முழு எபிக் பாஸ் விற்கத் தொடங்கிய விலை 982 டாலர். மூன்று நாள் டிக்கெட்டைக் கூட்டிப் பாருங்கள்: 987. பாஸைவிட ஐந்து டாலர் அதிகம். அந்த 329 டாலர் நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விலை என்று நான் நினைக்கவில்லை. "ஏப்ரலிலேயே வாங்கியிருக்கலாமே" என்று உங்களை வருந்த வைப்பதற்காக எழுதப்பட்டது. தள்ளுபடி இன்னும் இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பதில் 2: ஏப்ரல் பாஸ்

மேலே சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது.

மலையின் செலவுகளில் பெரும்பகுதி கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிறவை. லிப்ட் ஓட வேண்டும், இரவு முழுவதும் செயற்கைப் பனி வீச வேண்டும், விடிவதற்குள் சரிவைச் சமன்படுத்த வேண்டும், மீட்புக் குழு காத்திருக்க வேண்டும். கூடுதலாக ஒருவர் லிப்ட்டில் ஏறுவதால் ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் டிசம்பரில் பனி பெய்யாமல் போனால் வருமானமும் போய்விடும். அப்படி இரண்டு குளிர்காலம் அடுத்தடுத்து வந்தால் சிறிய மலை வங்கியின் கைக்குப் போய்விடும். வசந்தத்திலேயே பாஸ் விற்றுவிட்டால் பனி பெய்யாத ஆண்டின் நட்டம் நிறுவனத்தைவிட்டு நம் தலையில் இறங்குகிறது. நாம் அந்தச் சுமையை ஏற்பதற்கான கூலிதான் தள்ளுபடி. வெய்ல் நிறுவனத்தின் லிப்ட் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்போது முன்கூட்டியே விற்ற பாஸ்களிலிருந்து வருகிறது. மினசோட்டாவிலும் மிச்சிகனிலும், சிகாகோவுக்கு அருகிலுள்ள வில்மாட்டிலும் குன்று போன்ற சிறு மலைகளை அந்த நிறுவனம் ஏன் தேடித் தேடி வாங்கியது என்று பலர் வியந்தார்கள். நகரத்துக் குன்றில் பழகுபவர் பாஸ் வாங்குவார், அந்தப் பாஸ் கையில் இருப்பதாலேயே ஆண்டுக்கொரு முறை கொலராடோவுக்கும் வருவார் என்ற கணக்குதான்.

இன்னொன்று: மலிவுப் பாஸைக் கண்டுபிடித்தது பெருநிறுவனமல்ல. ஐடஹோ மாநிலத்தில் பாய்சி நகருக்கு மேலேயுள்ள போகஸ் பேசின் என்ற இலாப நோக்கற்ற அமைப்புதான். ஏறக்குறைய 500 டாலராக இருந்த தன் சீசன் பாஸை 1998-இல் 199 டாலருக்கு இறக்கியது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த பாஸை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். அதே ஆண்டு கொலராடோவின் வின்டர் பார்க், நண்பர்கள் நால்வராகச் சேர்ந்து வாங்கினால் தலைக்கு 200 டாலர் என்று விற்றது. அதற்கு முன் சீசன் பாஸ் என்பது மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவரின் ஆடம்பரம். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஆண்டுக்கு 15 நாள் செல்கிறோம். பாஸ் இல்லாத காலத்தில் என் சம்பளத்துக்கு இது எட்டியிருக்காது.

பதில் 3: சியாட்டில் தூறல்

ஏப்ரல் பாஸ் அவர்களே, மலிவு என்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2021-இல் வெய்ல் நிறுவனம் எல்லா எபிக் பாஸ்களின் விலையையும் 20 விழுக்காடு குறைத்தது. 979 டாலர் பாஸ் 783-க்கு வந்தது, மொத்தம் 21 லட்சம் பாஸ்கள் விற்றன. அந்தக் குளிர்காலம் எங்கள் ஊருக்கு அருகில் வெய்ல் நிறுவனம் நடத்தும் ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற மலையில் (இந்தப் பாஸ் மலையின் பெயர்) ஆள் பற்றாக்குறையால் லிப்ட்டுகள் பல ஓடவில்லை, ஒரு பக்கச் சரிவுகள் வாரக்கணக்கில் திறக்கவில்லை. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் தந்த சமாதானம் என்ன தெரியுமா? அடுத்த ஆண்டுப் பாஸில் தள்ளுபடி.

ஒரு நாள் டிக்கெட் வாங்கியவர், மலை நன்றாக இல்லையென்றால் அடுத்த வாரம் வேறு மலைக்குப் போவார். பாஸ் வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது. பணம் ஏப்ரலிலேயே போய்விட்டது. நான் இதைத்தான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன், டிக்கெட் விலையை அல்ல. அதோடு, பாஸில் விட்ட பணத்தை வேறு வழிகளில் பிடிக்கிறார்கள். போன பிப்ரவரியில் ஒரு மலையில் (பெயர் வேண்டாம்) காலை ஏழரை மணிக்கே கார் நிறுத்தக் கட்டணம் கேட்டார்கள். உள்ளே ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் இருபது டாலரைத் தாண்டியது. வாசலில் பாஸ் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு பீப் என்று திறந்துகொள்கிறது. அந்த ஒரு நொடி மட்டும்தான் எல்லாம் இலவசம் போலத் தோன்றுகிறது.

பதில் 4: பச்சைமலை

வெர்மான்ட்டிலிருந்து எழுதுகிறேன். "பெருநிறுவனம் வாங்கியதால்" என்ற சொற்றொடரைச் சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்து கில்லிங்டன் மலையை 2024-இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் ஒரு பெருநிறுவனத்திடமிருந்து வாங்கிவிட்டார்கள். ஆனாலும் அது எபிக்குக்குப் போட்டியாக ஆல்டெரா விற்கும் ஐகான் பாஸில் தொடர்கிறது. ஆஸ்பென் மலைகள் ஒரு குடும்பத்தின் சொத்து. அவையும் ஐகானில் உண்டு, அங்கும் ஒரு நாள் டிக்கெட் கண்ணைக் கட்டும் விலைதான். ஆகவே சொத்துப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, மலை எந்தக் கூட்டுப் பாஸில் இருக்கிறது என்பதே விலையை முடிவுசெய்கிறது.

கூட்டு டிக்கெட்டின் வலிமை புதிதல்ல. ஆஸ்பெனில் நான்கு மலைகள் உண்டு. 70-களில் மூன்று ஒரு நிறுவனத்திடமும் நான்காவதான ஹைலண்ட்ஸ் வேறொருவரிடமும் இருந்தன. நான்கிலும் செல்லும் ஆறு நாள் டிக்கெட் ஒன்றை இருவரும் சேர்ந்து விற்று, யார் மலையில் எத்தனை பேர் சறுக்கினார்களோ அந்த விகிதத்தில் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு பெரிய நிறுவனம் ஹைலண்ட்ஸுக்கு 12.5 விழுக்காடுதான் தருவேன் என்று ஏற்க முடியாத நிபந்தனை விதித்து, 1978-79 பருவம் முதல் கூட்டு டிக்கெட்டை நிறுத்தியது. 1976-77-இல் 20 விழுக்காடாக இருந்த ஹைலண்ட்ஸின் பங்கு, தனியே விடப்பட்ட பின் 1980-81-இல் 11-க்குச் சரிந்திருந்தது. அந்த மலையின் பனியிலோ சரிவிலோ எந்தக் குறையும் வரவில்லை. டிக்கெட்டில் அதன் பெயர் இல்லை, அவ்வளவுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1985-இல் ஹைலண்ட்ஸ் வென்றது, 75 லட்சம் டாலர் இழப்பீடும் பெற்றது. ஆனால் 1993-இல் ஹைலண்ட்ஸும் அந்தப் பெரிய நிறுவனத்தோடேயே சேர்ந்துவிட்டது.

இன்று சிறு மலைகளுக்கு அதே நெருக்கடி. அதற்கு மாற்றாக 2019-இல் இண்டி பாஸ் வந்தது; பெருநிறுவனங்களைச் சேராத மலைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு நாள், தொடக்க விலை 199 டாலர். எங்கள் மேட் ரிவர் க்ளென் வேறு வழியில் சென்றது. 1995 முதல் அது சறுக்குபவர்களே பங்கு வைத்திருக்கும் கூட்டுறவு. ஒற்றையாள் நாற்காலி லிப்ட்டில் காற்றுக்கு முகம் கொடுத்துத் தனியே ஏற வேண்டும். ஸ்னோபோர்டுக்கு (இரு கால்களையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குவது) அனுமதியே இல்லை. எல்லோருக்கும் ஏற்றதல்ல, எனக்குப் பிடிக்கும்.

டென்வர்வாசி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. ஏப்ரலில் வாங்கினால் மலிவு என்பது புரிகிறது. ஆனால் ஆண்டுக்கு இரண்டே நாள் வரும் மைத்துனருக்கு, அதுவும் இப்போது, ஏதேனும் வழி உண்டா?

கிழக்குச்சரிவு

உண்டு, நான்கைந்து. முதலில் உங்கள் அலுவலக நண்பரிடம் பேசுங்கள். அவருடையது எபிக் பாஸ் என்றால், பாஸ்தாரர்கள் நண்பர்களுக்குத் தரும் டிக்கெட்டுகளை 2025-26 பருவம் முதல் கவுன்ட்டர் விலையில் பாதிக்கு ஆக்கியிருக்கிறார்கள். வாங்கும் தொகையை அடுத்த ஆண்டுப் பாஸில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அதாவது தள்ளுபடி கொடுக்கும்போதே உங்கள் மைத்துனரையும் ஏப்ரல் வரிசையில் நிறுத்தப் பார்க்கிறார்கள். உச்ச விடுமுறை நாட்களுக்கான விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணிக்கையில் வாங்கும் எபிக் டே பாஸும் உண்டு. அது கவுன்ட்டரைவிட வெகு மலிவு, ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் விற்பனையை நிறுத்திவிடுவார்கள். தேதியை இன்றே பாருங்கள்.

உங்கள் மகள் ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் கொலராடோ பள்ளிப் பிள்ளைகளுக்கு வெய்ல் நிறுவனம் சில நாட்கள் இலவசம் தருகிறது. மூன்று முதல் ஆறாம் வகுப்பு என்றால் கொலராடோ மலைகளின் சங்கம் "பாஸ்போர்ட்" என்ற பெயரில் நடத்தும் சறுக்குத் திட்டமும் உண்டு. இரண்டும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம், வெய்ல் நிறுவனம் 2008-இல் அந்தச் சங்கத்தைவிட்டு வெளியேறியதுதான். எபிக் பாஸ் பிறந்த அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள்.

பிள்ளைகள் முதல் முறை பலகையில் நிற்கப் போகிறார்கள் என்றால் பெரிய மலையே தேவையில்லை. ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டியே லவ்லேண்ட் இருக்கிறது. எபிக்கிலும் இல்லை, ஐகானிலும் இல்லை. நான்கு டிக்கெட்டுகளை ஒரு கட்டாக விற்பார்கள். யார் பெயருக்கும் எழுதுவதில்லை, விடுமுறை நாளிலும் செல்லும், மீதியை ஜனவரியில் நீங்களே பயன்படுத்தலாம். கற்பவர்களுக்கான சரிவு தனியே கீழே இருக்கிறது. காற்று மட்டும் பலமாக அடிக்கும், முகத்துக்குத் துணி எடுத்துச் செல்லுங்கள்.

டென்வர்வாசி

மகள் நான்காம் வகுப்பு. இரண்டு திட்டங்களிலும் பதிவு செய்துவிடுகிறேன். மைத்துனரிடம் லவ்லேண்ட் என்று சொன்னேன், "வெய்ல் இல்லையா?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு 300 டாலருக்கு மேல் என்றேன். சற்று நேரம் பேசவில்லை, பிறகு அங்கே சூப் என்ன விலை என்று கேட்டார்.