புதுப்பிப்பு: மொத்தம் 21 கிலோ காட்டிய மீன் ஆர்டர் பக்கம்

காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவுக்காக டைப்ஸ்கிரிப்டில் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப், அதாவது தரவு வகை, சேர்த்த மொழி) எழுதிய பக்கத்தில் வஞ்சிரம் 2 கிலோ, சங்கரா 1 கிலோ போட்டால் மொத்தம் 21 என்று வருவதாகப் போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

என் சர்வர் எடையை "2" என்று எழுத்தாக அனுப்பியிருக்கிறது. எழுத்தாக வந்தால் கூட்டல் குறி "2", "1" இரண்டையும் கூட்டாமல் ஒட்டி "21" ஆக்கிவிடும். ஃபெட்ச்சில் (சர்வரிலிருந்து தரவு வாங்கும் கட்டளை) வரும் ஜேசன் தரவுக்கு 'எனி' (எதுவாகவும் இருக்கலாம், சோதனை இல்லை) டைப்தான். நான் 'ஆஸ் ஆர்டர்' (இதை ஆர்டர் டைப்பாகவே எடுத்துக்கொள்) என்று போட்டதைக் கம்பைலர் (டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கருவி) அப்படியே நம்பிவிட்டது. டைப்புகள் கம்பைல் ஆனதும் அழிந்துவிடும், ஓடும்போது காவலுக்கு யாரும் இல்லை.

இப்போது தரவை 'அன்நோன்' (சோதிக்காமல் பயன்படுத்த விடாத டைப்) ஆக வாங்கி, எடையும் விலையும் நம்பர்தானா என்று ஒரு சின்ன ஃபங்ஷன் பார்த்த பிறகே உள்ளே விடுகிறேன். அதைப் போட்டதும் விலையும் எழுத்தாக வந்தது மாட்டியது! பெருக்கலில் ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொண்டதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அப்புறம் சர்வரையும் திருத்தினேன். இன்று காலை அக்காவின் போனில் சரியாக 3 கிலோ.