தேர்தல் அன்று வாய் திறக்கும் திமிங்கலம்

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் இருப்பவர்கள் அடுத்த தேர்தல் நாளில் இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் திமிங்கலத்தைப் பார்க்க முயற்சி செய்யுங்கள். ஸ்வீடிஷில் தேர்தலும் 'வால்', திமிங்கலமும் 'வால்'. அந்த ஒரு சொல்லை வைத்து இந்த ஊரில் ஒரு வழக்கமே உண்டாகியிருக்கிறது.

ஸ்லோட்ஸ்கூகன் பூங்காவில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு நீலத் திமிங்கலம் உண்டு. எலும்புக்கூடுகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். தோலோடு பாடம் செய்த முழு நீலத் திமிங்கலம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்கிறார்கள். குட்டிதான், ஆனால் நீளம் 16 மீட்டர். ஆகஸ்ட் வில்ஹெல்ம் மால்ம் என்ற அருங்காட்சியகப் பொறுப்பாளர் அதை விலைக்கு வாங்கி, மரச்சட்டத்தின் மேல் தோலைப் போர்த்தி நிறுத்தினார். மேல்தாடைக்குக் கீல். தூக்கினால் ஆள் உள்ளே போய் பெஞ்சில் உட்காரலாம்.

சாதாரண நாளில் வாய் மூடியே இருக்கும். தேர்தல் நாள் போன்ற விசேஷ நாட்களில்தான் திறப்பார்கள். ஒரு தேர்தல் நாளில் நாங்கள் போனபோது ஓட்டுப் போட்ட கையோடு வந்த குடும்பங்கள் வரிசையில் நின்றன. என் மகள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, இது நிஜமா உயிரோட இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இருந்தது. 1865-இல் அஸ்கிம் விரிகுடாவில் கரைதட்டி, அசைய முடியாமல் கிடந்ததை இரண்டு மீனவர்கள் கொன்றார்கள். லேசில் சாகவில்லை. வெளியே வந்ததும் அதையும் அவளிடம் சொன்னேன். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வேடிக்கையோடு மட்டும் திரும்ப வேண்டாம்.

———

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். தேர்தல் நாளில் நான் இங்கே ஓட்டும் போட்டிருக்கிறேன். குடியுரிமை இல்லாவிட்டாலும், தொடர்ந்து மூன்று வருஷம் இங்கே குடியிருப்புப் பதிவில் இருந்தால் நகராட்சிக்கும் வட்டாரத்துக்கும் ஓட்டு உண்டு. வெள்ளைச் சீட்டும் நீலச் சீட்டும் நமக்கு. மஞ்சள் நாடாளுமன்றத்துக்கு, அது குடிமக்களுக்கு மட்டும். முதல் தடவை உறையை ஒட்டிக் கொடுத்தபோது, இது நம்ம ஊர் என்று மனசார நினைத்தேன்.

———

ஸ்வீடிஷ் வகுப்பில் எங்கள் ஆசிரியர் இந்த 'வால்' என்ற சொல்லைத்தான் உதாரணம் காட்டினார். 'ஒரு' என்று சொல்ல, திமிங்கலத்துக்கு முன்னால் 'என்' வரும், தேர்தலுக்கு 'எத்'. பன்மையில் திமிங்கலங்கள் 'வாலர்' ஆகும், தேர்தல்கள் 'வால்' என்றே நிற்கும். ஆனால் 'வால்டாக்' என்று நாளோடு சேர்த்துச் சொன்னால் அந்த வித்தியாசம் மறைந்து, தேர்தல் நாளா திமிங்கல நாளா என்று பிரிக்க முடியாது. அருங்காட்சியகம் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.