தங்கச்சி மகனுக்கு ஒரு படம் சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தங்கச்சி மகனை மூன்று பெரிய பையன்கள் தினமும் மறித்து, டிபன் பாக்ஸைப் பிடுங்கி, பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கிறார்களாம். வாத்தியாரிடம் பேசியாச்சு, அது தனிக்கதை. சனிக்கிழமை அவனையும் கூட்டாளிகளையும் உட்காரவைத்து ஒரு படம் போடலாம் என்று இருக்கிறேன். 2008ல் ஓவன் வில்சன் நடித்து வந்த 'டிரில்பிட் டெய்லர்' பார்த்தேன். அடி தாங்காத மூன்று பொடியன்கள் காசு கொடுத்து ஒரு மெய்க்காப்பாளரை வைப்பார்கள், அந்த ஆளோ வீடுவாசல் இல்லாத டுபாக்கூர், வாத்தியார் வேஷம் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைந்துவிடுவார். நல்ல சிரிப்பு, ஆனால் கெட்ட வார்த்தையும் உண்டு. 'பசங்க' ஏற்கெனவே பார்த்துவிட்டான். தமிழிலோ டப்பிங்கிலோ இதே மாதிரி இருந்தால் சொல்லுங்க. அடிக்கு அடி என்று முடிகிற படம் வேண்டாம், அதைப் பார்த்துவிட்டு இவன் ரெண்டு அடி கூடுதலாக வாங்கிட்டு வருவான்.