புதுப்பிப்பு: ஆல்ட்டோ எமுலேட்டர் – மைக்ரோகோட் வழியே சரியானது

1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்ட்டோ கணினிக்கு எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப் போலவே இன்றைய கணினியில் இயங்கும் நிரல்) எழுத, நோவா என்ற கணினியின் வகைக் கட்டளைகளை மட்டும் பின்பற்றினால் போதுமா, மைக்ரோகோட் (அந்தக் கட்டளைகளைச் செயலிக்குள் நிறைவேற்றும் அடிமட்ட நிரல்) வரை இறங்க வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"மைக்ரோகோடையே ஓட்டுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. டிஸ்க், திரை, ஈதர்நெட் எல்லாவற்றையும் அந்த ஒரே செயலியின் 16 மைக்ரோகோட் டாஸ்க்குகள்தான் (மாறி மாறி ஓடும் வேலைகள்) பகிர்ந்து கவனிக்கின்றன. சில மென்பொருள்கள் சொந்த மைக்ரோகோடையும் ஏற்றிக்கொள்ளும். மேல்மட்டக் கட்டளைகளை மட்டும் பின்பற்றினால் அவை ஓடாது. இப்போது டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறது, 606×808 திரையும் தெளிவாக வருகிறது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. டாஸ்க் மாற்றம் உடனே நடக்காது. அடுத்த ஒரு மைக்ரோ கட்டளை பழைய டாஸ்க்கிலேயே ஓடும். நினைவகத்தில் தரவு தயாராகும் முன் கேட்டால் செயலி காத்திருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இல்லாவிட்டால் டிஸ்க் வாசிப்பே குலைந்துவிடும்.

நான் எதிர்பாராதது கீபோர்டு. அழுத்தாத விசை 1, அழுத்தியது 0. பூட் ஆகும்போது அழுத்தியிருக்கும் விசைகள்தான் எங்கிருந்து ஏற்றுவது என்பதை முடிவு செய்கின்றன. பேக்ஸ்பேஸ் என்றால் ஈதர்நெட். அப்புறம், திரையை அணைத்தால் நிரல்கள் வேகமாகின்றன. அசல் இயந்திரத்திலும் அப்படித்தான், பிழை என்று தேட வேண்டாம்.