மசாஜ் கைமுறைகள்: ‘பிரிக்சன்’ என்பதற்கு உராய்வு சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

பிசியோதெரபி சொற்பட்டியலில் மசாஜ் பகுதிக்கு வந்திருக்கிறோம். எப்ளூராஜ், பெட்ரிசாஜ், பிரிக்சன், டாப்போட்மா, வைப்ரேசன் ஆகிய ஐந்துக்கும் வரைவில் இருப்பவை முறையே: நீவல், பிசைதல், உராய்வு, தட்டல், அதிர்வு. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி விளக்கமும் சேர்க்க வேண்டும். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

– தொகுப்பாளர்

* * *

வணக்கம் ஐயா.

> உராய்வு

இதை ஏற்க முடியவில்லை. மற்ற நான்கும் ஏறக்குறைய பொருந்துகின்றன. இது மட்டும் செய்முறையையே தவறாகக் காட்டுகிறது.

இந்த ஐந்தையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: கை, தோல், தோலுக்கு அடியில் உள்ள தசை, இந்த மூன்றில் எது எதன்மேல் நகர்கிறது? நீவலில் கை தோலின்மேல் வழுக்கிப் போகிறது. அதனால்தான் எண்ணெய் வேண்டும். பிசைதலில் தசையையே எலும்பிலிருந்து தூக்கி, அழுத்தி, விடுகிறோம். பிரிக்சனிலோ விரலும் தோலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகர்கின்றன. அடியில் இருக்கும் நாண்மீதுதான் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டை) அசைவு. உராய்வு என்று படிக்கும் மாணவர் விரலைத் தோலின்மேல் ஓட்டுவார். ஐந்து நிமிடத்தில் தோல் சிவந்து கொப்புளம் வரும், நாணுக்கு ஒன்றும் போய்ச் சேராது. எண்ணெய் தடவிவிட்டுச் செய்தாலும் இதே கதைதான்: விரல் வழுக்கிவிடும்.

ஆழ்ந்த குறுக்குப் பிரிக்சனை முறைப்படுத்தியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் (1904–1985). அவர் வழியில் செய்வது இப்படி: நோகும் இடத்தைச் சரியாகத் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், அரை அங்குலம் தள்ளிப் போனாலும் பயனில்லை. எண்ணெய், பவுடர் கூடாது. ஆள்காட்டி விரலின்மேல் நடுவிரலை ஏற்றி வைத்து, இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். உறையுள்ள நாண் என்றால் இழுத்து விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தசையின் நடுப்பகுதி என்றால் தளர்வாக விட வேண்டும். தொடக்கத்தில் வலிக்கும், ஓரிரு நிமிடத்தில் மரத்துப்போக வேண்டும். மாறாக வலி ஏறிக்கொண்டே போனால், இடம் தவறு அல்லது அழுத்தம் அதிகம், நிறுத்திவிட வேண்டும். புதுக் காயத்திலும், சீழ் பிடித்த இடத்திலும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது கூடாது.

வைப்ரேசனுக்கு ‘அதிர்வு’ என்பதையும் ‘அதிர்த்தல்’ என்று மாற்றலாம். அதிர்வு தானாக நிகழ்வது, இது நாம் செய்வது. மார்புச் சளிக்குச் செய்யும்போது நோயாளி மூச்சை வெளியே விடும் நேரத்தில் மட்டும்தான் அதிர்த்த வேண்டும். விளக்கத்தில் அது இருக்கட்டும்.

– பிசியோதெரபி ஆசிரியை

* * *

வணக்கம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் (மசாஜ் போன்ற கைமுறை) ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இவற்றில் தட்டல் நேராக ஒத்துப்போகிறது. பிசைதலின் உட்பிரிவாக வரும் துணி பிழிவது போன்ற அசைவுக்கு ‘முறுக்கல்’ எடுத்துக்கொள்ளலாம். கையையோ காலையோ பிடித்து உலுக்குவதற்கு ‘அசைத்தல்’ போதும், அதிர்த்தலோடு குழம்பாது.

பிரிக்சனுக்கு இந்த ஒன்பதில் பொருத்தமானது இல்லை. ‘அழுத்தல்’ என்றால் அசைவு இல்லாமல் போய்விடும். பேச்சுத் தமிழில் ‘அரக்கித் தேய்ப்பது’ என்று ஒன்று உண்டே. கண்ணை அரக்கும்போது விரல் இமைமேல் வழுக்குவதில்லை, இமையும் விரலோடு சேர்ந்து நகர்கிறது. ஆசிரியை அம்மா கேட்பது அதுதானே? ‘அரக்கல்’ என்று வைக்கலாமா?

– சித்த மருத்துவர்

* * *

அரக்கு என்றால் பலருக்கு முத்திரை வைக்கும் அரக்குதான் நினைவுக்கு வரும். ‘ஆழ்தேய்ப்பு’ எல்லோருக்கும் புரியுமே?

தட்டலுக்கு உட்பிரிவுகள் தேவை. கையின் சுண்டுவிரல் பக்கத்தால் விட்டுவிட்டு அடிப்பது ‘கொத்தல்’. உள்ளங்கையைக் குழித்து அடிப்பது ‘குழிகைத் தட்டல்’. பின்னதில் குழிந்த, கனத்த ஓசை கேட்க வேண்டும். ‘பளார்’ என்று கேட்டால் கை தட்டையாகிவிட்டது, தோல் எரியும். இரண்டிலும் மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். முதுகெலும்பின்மேலும், சிறுநீரகம் இருக்கும் இடுப்புப் பகுதியிலும், எலும்பு மெலிந்தவர்களுக்கும் தட்டல் வேண்டாம்.

நீவலின் பயன்களில் ‘உடற்பயிற்சிக்குப் பின் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும்’ என்று சேர்த்துவிடலாமா?

– விளையாட்டுப் பயிற்றுநர்

* * *

ஐயா, லாக்டிக் அமிலத்தைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது தானாகவே குறைந்துவிடும். மறுநாள் வரும் தசைவலிக்கும் அது காரணமில்லை. மசாஜ் அந்த வலியை ஓரளவு தணிக்கிறது என்பது வேறு விஷயம், அதை எழுதலாம். சொற்பட்டியலில் போனது பாடப்புத்தகத்துக்குப் போகும்.

நீவலுக்கு எழுத வேண்டியது திசை. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு என இதயத்தை நோக்கி அழுத்தம். திரும்பும்போது கை தோலை விட்டு எடுபடாமல், பாரமில்லாமல் வர வேண்டும். சிரைகளின் தடுக்கிதழ்கள் அந்தத் திசையில்தான் திறக்கின்றன. முழங்காலுக்குப் பின்புறம் அழுத்தம் குறைய வேண்டும். எண்ணெய் தோலில் மினுமினுத்தாலே போதும். அதிகமானால் அடுத்து வரும் பிசைதலில் தசை பிடிபடாது, விரல்நுனியால் பிடிக்கப் போய்க் கிள்ளலாகிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் எந்தக் கைமுறையும் கூடாது. சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த எச்சரிக்கை ஐந்து சொற்களுக்கும் மேலே, தனியாக வரட்டும்.

‘ஆழ்தேய்ப்பு’ புரியும்தான், ஆனால் ‘தேய்’ என்றதுமே கை வழுக்கத் தொடங்கிவிடும். மெழுகு அரக்கு பெயர்ச்சொல், இது ‘அரக்கல்’ என்று தொழிற்பெயராகவே வரும், குழப்பத்துக்கு இடமில்லை. என் வாக்கு அரக்கலுக்கு. குறுக்கே செய்தால் ‘குறுக்கரக்கல்’, வட்டமாகச் செய்தால் ‘வட்டரக்கல்’ என்று கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன.

– பிசியோதெரபி ஆசிரியை

* * *

அரக்கல் ஏற்கப்பட்டது. பதிவில் போகும் விளக்கம்:

அரக்கல்: விரலும் தோலும் ஒன்றாக நகர, அடியிலுள்ள நாண் அல்லது தசைமீது சிறு பரப்பில் அழுத்தி அசைக்கும் கைமுறை. எண்ணெய் இல்லாமல் செய்யப்படுவது.

தோலை இரு விரல்களுக்கிடையே மடித்து உருட்டிச் செல்வது பிசைதலின் உட்பிரிவாக ‘தோலுருட்டல்’ என்று வரைவில் இருக்கிறது. மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

– தொகுப்பாளர்